நாடகம் இயற்றிய பிக்கு: மகாகவி அசுவகோஷர் வரலாறு

தேவ்நாரில் வைசாகப் பௌர்ணமி விழாவுக்கு ஆயத்தம் செய்வதற்காக நம்மவர் கூடிய கூட்டமொன்றில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. இளைஞர் சிலர் அவ்விழாவில் நாடகமொன்று நடத்த வேண்டுமென்று விரும்பினர். செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் உறவினர் பலர் வருவர். சொற்பொழிவு கேட்கப் பொறுமையில்லாதவரும் நாடகமென்றால் அமர்ந்து பார்ப்பர் என்பது அவர்கள் கருத்து. அப்போது முதியவர் ஒருவர் எழுந்து இரண்டு தடைகளைக் கூறினார்.

பௌர்ணமி உபோசத நாள்; அன்று எட்டுச் சீலம் மேற்கொள்வோர் ஆடல், பாடல், காட்சி முதலியவற்றை விலக்க வேண்டுமென்பது விதி; அந்நாளிலேயே அரங்கு கட்டுவது முறையோ என்பது முதல் தடை. இரண்டாவது தடை அவர் நெஞ்சிலிருந்து வந்தது. தம் இளமையில் நெல்லைச் சீமையில் விடிய விடியக் கண்ட நாடகங்களை அவர் மறக்கவில்லை. அரிச்சந்திர நாடகத்தில் மன்னன் அடையும் துன்பங்களுக்கெல்லாம் எல்லையாக வருவது அவன் சுடலைக் காவலனுக்கு அடிமையாவது. அஃதாவது, நம் முன்னோரின் வாழ்வே ஓர் அரசனுக்கு நேரக்கூடிய பெருந்தண்டனையாக அங்கே காட்டப்படுகிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்திலோ, நம்மவன் ஒருவன் தில்லைக் கோயிலுக்குள் அடி வைப்பதற்குத் தீயில் மூழ்கி எழ வேண்டியிருக்கிறது. மனிதன் இன்னான் என்று நமக்குக் காட்டிய நாடகம் இதுதானே. இக்கலை நமக்கு எதற்கு என்று கேட்டு அவர் அமர்ந்தார்.

அன்றிரவு நாம் யாரும் அவருக்கு விடை கூறவில்லை. இரண்டு தடைகளும் எளிதில் ஒதுக்கத் தக்கவையல்ல. ஆயினும் வீடு திரும்பிய பின் ஒரு பெரியாரின் வாழ்க்கை நம் நினைவுக்கு வந்தது. அவர் பிக்கு, சீலத்தில் வழுவாதவர் என்று பல நாட்டாரும் போற்றியவர், அவரே நாடகாசிரியருமாவார். இன்று நமக்குக் கிடைத்துள்ள வடமொழி நாடகங்களுள் காலத்தால் முந்தியவை அவர் இயற்றியவையே என்று அறிஞர் பலர் கொள்வர். அவரே மகாகவி அசுவகோஷர்.

சாகேதத்தின் செல்வர்

அசுவகோஷர் கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர். வடமேற்கே புருஷபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட குஷாண மன்னர் கனிஷ்கரோடு மரபு அவரை இணைத்துப் பேசுகிறது. தம்மைப் பற்றி அவர் அதிகம் எழுதி வைத்தவரல்லர். அவருடைய நூல்களின் இறுதியில் காணப்படும் குறிப்புகளிலிருந்து அவர் சாகேதம் என்னும் ஊரினர் என்பதும், அன்னையார் பெயர் சுவர்ணாட்சி என்பதும், அவர் பிக்குவாகவும் ஆசாரியராகவும் மகாகவியாகவும் வாதத்தில் வல்லவராகவும் மதிக்கப்பட்டார் என்பதும் தெரிய வருகின்றன. தந்தை பெயரைக் காணோம். தாயின் பெயரே நிற்கிறது. அந்த அன்னையின் பெயர் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் மகனுடைய நூல்களோடு வாழ்ந்து வந்திருக்கிறது.

அவர் அந்தணர் குடியில் பிறந்தவரென்று மரபு கூறும். வேதமும், இதிகாசங்களும், இலக்கணமும், தருக்கமும் அவருக்குக் கைவந்திருந்தமைக்கு அவர் காவியங்களே சான்று. அக்கல்வி அவருக்குச் செருக்கையும் தந்ததாம். அச்செருக்கு அழிந்த கதையைக் குமாரஜீவர் சீன மொழியில் ஆக்கியதாகக் கூறப்படும் வரலாறு விவரிக்கிறது. கதையென்றே அதனைக் கொள்வோம். ஆயினும் பொருளுள்ள கதை.

வாதமும் தோல்வியும்

நடுநாட்டு நகரொன்றில் அசுவகோஷர் பிக்குகளை வாதுக்கு அழைத்தார். தம்மோடு வாதிட வல்லவர் இருந்தால் விகாரையின் மணியை அடிக்கலாம். இல்லையேல் மணியடித்து மக்களிடம் தானம் பெறும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று அறைகூவினார். எதிர்நிற்க எவரும் துணியாமையால் விகாரையின் மணி ஓய்ந்தது. அந்நிலையில் வடக்கிலிருந்து பார்சுவர் என்னும் முதிய தேரர் வந்து சேர்ந்தார். மணியோசை கேளாமையின் காரணத்தை வினவி அறிந்த அவர், அஞ்சாமல் மணியை அடிக்கச் சொன்னார்.

ஏழு நாட்களுக்குப் பின் அரசனும் அமைச்சரும் கற்றோரும் கூடிய அவையில் வாதம் ஏற்பாடாயிற்று. தோற்றவருக்கு என்ன தண்டனை என்ற கேள்வி எழுந்தபோது நாவை அறுத்தல் என்று அசுவகோஷர் கூறினார். அது தகாது, தோற்றவர் வென்றவருக்கு மாணாக்கராவதே போதும் என்று பார்சுவர் திருத்தினார். இந்த ஓரிடமே இருவருடைய மனநிலையையும் நமக்குக் காட்டிவிடுகிறது.

முதியவராதலின் பார்சுவர் முதலில் பேசினார். நாடு அமைதியுற்றிருக்கவும், மன்னன் நீடு வாழவும், வளம் பெருகவும், இடர்கள் இல்லாதிருக்கவும் செய்ய வேண்டியது யாது என்பதே அவர் எடுத்த பொருள். அசுவகோஷர் திகைத்தார். தருக்க நுட்பங்களை மறுத்து வீழ்த்தப் பழகிய அவருக்கு, மக்கள் நலமாக வாழ வேண்டுமென்ற கருத்தை எங்ஙனம் மறுப்பதென்று தெரியவில்லை. வாயடைத்து நின்றார், தோல்வியை ஒப்பி முடி களைந்து மாணாக்கரானார். ஆயினும் உடனே மனம் அமைதியடையவில்லை. ஒரு சொல்லில் தோற்றதை எண்ணி உள்ளுக்குள் புழுங்கினார். ஆசிரியரின் பெருமையை நேரில் கண்ட பின்னரே முழு மனத்தோடு தம்மத்தில் நின்றார் என்றும் அவ்வரலாறு கூறுகிறது. சமயம் மாறிய அன்றே மனம் மாறிவிடுவதில்லை என்பதை நம்முள் அறியாதார் யார்?

ஒரு பிக்குவின் விலை

அதே வரலாறு மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்கிறது. வடமேற்கு மன்னன் படையெடுத்து வந்து மகதத்தை முற்றுகையிட்டு மூன்று இலட்சம் பொன் கேட்டான். மகத மன்னனிடம் அவ்வளவு பொன் இல்லை. பகவான் புத்தரின் திருவோட்டையும் வாதத்தில் வல்ல பிக்குவாகிய அசுவகோஷரையும் தந்தால் குறையும் தொகைக்கு ஈடாகும் என்று வந்தவன் கூறினான். மகத மன்னன் பிரிய மனமில்லாமல் வருந்தினான், உலகெங்கும் தம்மம் பரவுவதைத் தடுக்கலாகாது என்று பிக்குவே எடுத்துரைத்தார், மன்னன் இசைந்தான்.

வென்ற மன்னனின் அமைச்சர்களோ முணுமுணுத்தனர். திருவோடு போற்றத் தக்கதே. பிக்குகளோ எங்கும் இருக்கின்றனர். ஒரு பிக்குவுக்கு ஓர் இலட்சம் பொன் மிகையல்லவா என்பது அவர்கள் கணக்கு. அவர்களைத் தெளிவிக்க எண்ணிய மன்னன் ஏழு குதிரைகளை ஆறு நாட்கள் பட்டினி போட்டு, பின்னர் எல்லாரையும் கூட்டி, பிக்குவை அறவுரை கூறுமாறு வேண்டினான். குதிரைகளின் முன் அவை விரும்பும் புல் இடப்பட்டது. அவை புல்லைத் தீண்டாமல், கண்ணீர் வடித்தபடி அறவுரையைக் கேட்டு நின்றனவாம். குதிரையும் உணர்ந்த குரலை உடையவராதலின் அசுவகோஷர் என்று பெயர் பெற்றார் என்பது அவ்வரலாறு கூறும் காரணம்.

குதிரை அழுததா என்று நாம் ஆராய வேண்டுவதில்லை. மனிதனுக்கு விலை கூறிய அவையொன்றில், அவ்விலையைப் பொருளற்றதாக்கிய குரலொன்று எழுந்தது என்பதே இக்கதையின் உட்பொருள். தோட்டிலும் துறைமுகத்திலும் தோற்கிடங்கிலும் கூலிக் கணக்கில் எண்ணப்பட்ட மக்களின் வழிவந்த நமக்கு அது விளங்காமற் போகாது.

கூத்தரிடையே ஒரு பிக்கு

இனி நம் வினாவுக்கு நேரே பொருந்தும் செய்திக்கு வருவோம். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் சீன மொழியில் அமைந்த, தம்ம ஆசிரியர்களின் பரம்பரையைக் கூறும் நூலொன்று, அசுவகோஷர் பாடலிபுத்திரத்தில் இராஷ்டிரபாலர் வரலாற்றை இசை நாடகமாக ஆக்கினார் என்கிறது.

இராஷ்டிரபாலர் யார்? பாலி மொழியில் இரட்டபாலர் என்று வழங்கும் அவர் குருநாட்டின் செல்வக் குடிமகன். துறவுக்குப் பெற்றோர் இசையாமையால் உணவொழித்துத் தரையில் கிடந்து இசைவு பெற்றவர். பல்லாண்டுகளுக்குப் பின் அவர் திருவோட்டோடு தம் வீட்டு வாயிலில் நின்றபோது தந்தைக்கே அடையாளம் தெரியவில்லை. பழைய கஞ்சியைக் கொட்ட வந்த பணிப்பெண், அதனைத் திருவோட்டில் இடும்போது, அவருடைய கைகளையும் கால்களையும் குரலையும் கொண்டு அவரைக் கண்டுகொண்டாள். தந்தை பொற்குவியலைக் காட்டி அழைத்தார். அதனை வண்டியிலேற்றிக் கங்கையில் கொட்டிவிடுமாறு மகன் கூறினார். தந்தை அறியாத மகனை வேலைக்காரி அறிந்தாள் என்னும் இக்காட்சி அரங்குக்கென்றே அமைந்ததன்றோ?

பாடலிபுத்திரத்துக் கூத்தர்க்கு அந்நாடகத்தின் பொருள் விளங்கவில்லை. பண்ணும் தாளமும் பிசகின. அசுவகோஷர் ஒதுங்கி நின்று குறை கூறவில்லை. வெள்ளைப் பருத்தியாடை உடுத்திக் கூத்தர் நடுவே தாமே புகுந்தார். மணியும் முரசும் தாமே கொட்டினார். யாழைச் சுருதி கூட்டினார். துன்பமும் வெறுமையும் அநான்மமும் அவ்விசையில் ஒலித்தன. கேட்ட ஐந்நூறு இளவரசர்கள் இல்லறம் துறந்தனர் என்றும், குடிகள் எல்லாரும் இங்ஙனம் போய்விட்டால் நாடு வெறுமையாகுமென்று அஞ்சிய மன்னன் அந்நாடகத்தை இனி நடத்தலாகாது என்று தடை விதித்தான் என்றும் அந்நூல் கூறுகிறது. ஐந்நூறு என்பது மரபுவழி வரும் எண்ணாகலாம். ஆனால் நாடகத்தைத் தடை செய்யும் அரசன் எக்காலத்தும் உண்டு. உள்ளத்தைத் தொடாத நாடகத்துக்கு ஒருவரும் தடை விதிப்பதில்லை.

மணலில் கிடைத்த ஏடுகள்

இராஷ்டிரபால நாடகம் நமக்குக் கிடைக்கவில்லை. நெடுங்காலம் அசுவகோஷர் நாடகம் எழுதியவர் என்பதற்கே கண்கூடான சான்று இல்லாதிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நடு ஆசியாவில் கூச்சா நகரின் அருகே கிசில் என்னுமிடத்துக் குகை விகாரைகளை ஆய்ந்த ஜெர்மானியக் குழுவினர் சிதைந்த பனையோலைத் துண்டுகள் பலவற்றைக் கண்டெடுத்தனர். பனை வளராத நாட்டில் பனையோலை; குஷாணர் காலத்து எழுத்து. ஆகவே அவை இந்தியாவில் எழுதப்பெற்று, பாலைவழியே பயணம் செய்து அங்கே சேர்ந்தவை என்பது தெளிவாயிற்று. பெர்லினில் ஹைன்ரிச் லூடர்ஸ் என்னும் அறிஞர் அத்துண்டுகளைப் பொறுமையோடு பொருத்திப் படித்து 1911-இல் வெளியிட்டார். அவற்றுள் மூன்று நாடகங்களின் பகுதிகள் இருந்தன. ஒன்றின் இறுதியில் சுவர்ணாட்சியின் மகன் அசுவகோஷர் இயற்றிய சாரிபுத்திரப் பிரகரணம், ஒன்பது அங்கங்கள் கொண்டது என்ற குறிப்பு நின்றது.

குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்காது என்பர். நகரம் கழித்தெறிந்தவற்றின் குவியல் 1927 முதல் வளர்ந்து நிற்கும் தேவ்நாரில் வாழும் நாம், எறியப்பட்ட ஒன்றைக் குனிந்து எடுத்துத் துடைத்துப் பார்க்கும் கையின் அருமையை அறிவோம். அவ்வாறு ஒருவர் எடுத்துப் பார்த்ததனாலன்றோ நம் மகாகவியின் அரங்கு மீண்டது!

ஏனைய இரண்டு நாடகங்களில் ஆசிரியர் பெயர் இல்லை. ஒரே சுவடியில் இருந்தமையாலும் நடையாலும் அவையும் அவருடையனவாகலாம் என்பர். ஒன்றில் அறிவு, உறுதி, புகழ் ஆகிய பண்புகளே பெண்ணுருக்கொண்டு அரங்கில் உரையாடுகின்றன, புத்தரும் தோன்றுகிறார். மற்றொன்றில் மகதவதி என்னும் கணிகை, சோமதத்தன் என்னும் தலைவன், பசித்த வயிற்றோடு திரியும் விதூஷகன், ஒரு கயவன், இவர்களோடு சாரிபுத்தரும் மொகல்லானரும் வருகின்றனர். கணிகையும் கயவனும் வரும் அரங்கில் அருகதர்களையும் கொண்டுவந்து நிறுத்த அப்பிக்கு அஞ்சவில்லை என்பதை நோக்குக. மனிதர் எவரும் தம்மத்துக்கு அப்பாற்பட்டவரல்லர் என்று வாயால் சொல்வதினும், அவர்களை ஒரே மேடையில் நிறுத்திக் காட்டுவது வலிமையுடையது.

சாரிபுத்தர் நாடகம்

சாரிபுத்திரப் பிரகரணமே நாம் கருத்திற் கொள்ள வேண்டிய நாடகம். அந்தண இளைஞர்களாகிய உபதிஸ்ஸரும் கோலிதரும் புத்தரை அடைந்து சாரிபுத்தர், மொகல்லானர் என்னும் தலைமைச் சீடர்களான வரலாறே அதன் கதை. அவ்விருவரும் இல்லறம் துறக்க எண்ணியதே கூத்துப் பார்த்த இடத்தில்தான் என்று தம்மபதத்தின் பாலி உரை கூறுகிறது. இராசகிருகத்து மலையுச்சி விழாவில் நாள்தோறும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தும், பரிசளிக்க வேண்டிய இடத்தில் பரிசளித்தும் மகிழ்ந்திருந்தவர்கள், ஒரு நாள் ஆடுவோர் காண்போர் அனைவரும் நூறாண்டுக்குள் இல்லாமற்போவர் என்று உணர்ந்து வாடினராம். கூத்தைக் கண்டு துறந்தவரின் வரலாற்றையே நம் மகாகவி கூத்தாக்கினார்.

எஞ்சிய ஏடுகளிலிருந்து தெரிவது இது. அசுவசித்து என்னும் பிக்குவைக் கண்டு பேசிய பின், சாரிபுத்தர் புத்தரிடம் செல்லக் கருதித் தம் தோழனாகிய விதூஷகனிடம் ஆராய்கிறார். புத்தர் க்ஷத்திரியர், அந்தணராகிய தாங்கள் க்ஷத்திரியர் ஒருவரின் போதனையை ஏற்பது தகுமோ என்று விதூஷகன் தடை கூறுகிறான். தாழ்ந்த வருணத்தவன் கொடுத்தாலும் மருந்து நோயைத் தீர்க்காதோ, வெப்பத்தால் வருந்துவோனை நீர் குளிர்விக்காதோ என்ற கருத்தில் சாரிபுத்தர் அத்தடையை அகற்றுகிறார். பின்னர் மொகல்லானர் தோழரின் முகமலர்ச்சியைக் கண்டு காரணம் வினவி அறிகிறார். இருவரும் புத்தரை அடைகின்றனர். என்றுமுள்ள ஆன்மா உண்டென்னும் கொள்கையை மறுக்கும் உரையாடலோடும், பகவான் இருவரையும் பாராட்டி வாழ்த்துவதோடும் நாடகம் முடிகிறது.

இக்காட்சியில் மூன்று செய்திகளை நாம் காண வேண்டும். முதலாவது, சாதித் தடையைக் கூறுபவன் யார் என்பது. வடமொழி நாடகத்தில் விதூஷகன் அந்தணக் கோமாளி; உணவே குறியாக உளறுபவன்; அவையோர் சிரிப்பதற்கென்று அமைந்தவன். உயர்வு தாழ்வு பேசும் வாயாக அந்த வாயையே கவி தேர்ந்தெடுத்தார். சாதியின் பெயரால் அரங்கில் சிரிக்கப்படுபவர் நாமாக இருந்த நாடகங்களையே முதியவர் கண்டிருக்கிறார்; இங்கோ சாதி பேசியவனே நகைப்புக்கு உரியவனாகிறான். நாடகத்தின் இறுதிப் பகுதியில் அவன் காணப்படவில்லை. அறிவு தெளிந்த சாரிபுத்தருக்கு அத்தோழன் இனித் தேவையில்லை.

இரண்டாவது, இறங்கி வருபவர் யார் என்பது. நந்தனார் கதையில் கீழே வைக்கப்பட்டவன் மேலே செல்ல நெருப்பில் மூழ்குகிறான். சாரிபுத்தர் கதையிலோ மேலே இருப்பதாக எண்ணிய ஒருவர் அவ்வெண்ணத்தைக் கழற்றி வைக்கிறார். மாற வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு இரு நாடகங்களும் தரும் விடைகள் நேர்மாறானவை. அசுவகோஷரும் அந்தணப் பிறப்பினர் என்னும் மரபு உண்மையாயின், சாரிபுத்தரின் வாயிலாக அவர் தம் மனமாற்றத்தையே எழுதினார் என்று நாம் கருதுவது தவறாகாது.

மூன்றாவது ஒரு குறை. அதனை மறைப்பது நமக்கு அழகன்று. சாரிபுத்தரின் விடை தாழ்ந்த வருணம் என்ற சொல்லை மறுக்கவில்லை. மருந்தின் பயனை மட்டுமே பேசுகிறது. மேலும், அக்கால நாடக வழக்கப்படி உயர்ந்த பாத்திரங்கள் வடமொழியும், கணிகையும் விதூஷகனும் கயவனும் வெவ்வேறு பிராகிருதங்களும் பேசுகின்றனர். வாய்திறந்தவுடனே படிநிலை தெரிந்துவிடும் அரங்கு அது. அசுவகோஷர் அவ்வரங்கைத் தகர்க்கவில்லை. அதனுள் நின்றே ஒரு பலகணியைத் திறந்தார். பிறப்பால் வருணம் இல்லையென்று வாதிடும் வச்சிரசூசி என்னும் நூலும் அவர் பெயரால் வழங்குகிறது. சீன மொழிபெயர்ப்பு அதனைத் தர்மகீர்த்திக்கு உரியதாக்குவதால் அறிஞர் ஐயுறுவர். அதனை அவர் எழுதியிராவிடினும், அவர் பெயரை அதன்மேல் இட்டவர்கள் அவரை எத்தகையவராக நினைத்தனர் என்பது விளங்கும்.

காவியங்களில் மனித உள்ளம்

அசுவகோஷரின் முழுமையான கலையைக் காண அவருடைய காவியங்களையும் நோக்க வேண்டும். 28 சருக்கங்கள் கொண்ட புத்த சரிதம் வடமொழியில் முற்பாதியளவே எஞ்சியிருக்கிறது. முழுமையும் சீன, திபெத்திய மொழிபெயர்ப்புகளில் உள்ளது. 7-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த சீன யாத்திரிகர் இத்சிங், இக்காவியம் இந்தியா முழுவதிலும் தென்கடல் நாடுகளிலும் ஓதப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். சித்தார்த்தர் நீங்கிய பின் சந்தகன் வெறுங்கையோடு திரும்பும் பகுதியில், யசோதரையின் கதறலையும் முதிய தந்தையின் துயரையும் அவர் சுருக்கவில்லை. துறவைப் போற்றும் கவி, துறக்கப்பட்டவர்களின் கண்ணீரையும் மதித்தார்.

18 சருக்கங்களாலான சௌந்தரநந்தம் புத்தரின் தம்பி நந்தரைப் பற்றியது. மனைவி சுந்தரி தன் முகத்தில் வண்ணக் கோலம் எழுதிக்கொண்டிருக்க உடனிருந்த நந்தர், அக்கோலம் ஈரம் உலர்வதற்குள் திரும்புவதாகச் சொல்லிப் போனார், கையில் திருவோடு தரப்பட்டது, திரும்பவில்லை. காவியுடையில் நின்றும் உள்ளம் மனைவியிடமே நிற்கும் அவருடைய போராட்டமே காவியத்தின் பெரும்பகுதி. மருந்தின் கசப்புத் தெரியாதிருக்கத் தேன் கலப்பது போல அமைதிக்குரிய பொருளைக் காவியச் சுவையில் கலந்ததாக அந்நூலின் முடிவில் அவர் தம் நோக்கத்தைத் தெரிவிக்கிறார்.

அண்ணல் அம்பேத்கர் இயற்றி, அவர் மறைவுக்குப்பின் 1957-இல் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலை நம் இல்லங்களில் ஓதுகிறோம். இளவரசரை மயக்குமாறு உதாயி மகளிரை ஏவும் பகுதியைப் படிப்போர், புத்த சரிதத்தின் அடிச்சுவட்டை அங்கே காண்பர். ஆகவே அசுவகோஷர் நமக்கு அயலாரல்லர். பெயர் அறியாமலே நாம் அவர் குரலைக் கேட்டு வந்திருக்கிறோம்.

நம் வினாவுக்கு விடை

இப்போது முதியவரின் தடைகளுக்கு வருவோம். தாலபுடர் என்னும் கூத்தர் தலைவர் புத்தரை அணுகி, மக்களைச் சிரிக்கவைக்கும் கூத்தர் சிரிக்கும் தேவருலகை அடைவர் என்று முன்னோர் கூறுவது மெய்யோ என்று வினவிய வரலாறு பாலி நூலில் உண்டு. பகவான் இருமுறை விடை கூற மறுத்தார். மூன்றாம் முறை, ஆசையும் வெறுப்பும் மயக்கமும் ஏற்கனவே உடைய மக்களிடம் அவற்றை மேலும் வளர்ப்பவன் நற்கதி அடையான் என்று தெளிவாக்கினார். தாலபுடர் அழுதார், புத்தர் கூறியதற்காக அன்று, இத்தனை காலம் ஏமாற்றப்பட்டதற்காக. பின்னர்ச் சங்கத்தில் சேர்ந்து அருகதரானார். புத்தர் வைத்த அளவுகோல் இதுவே: மூன்று தீக்களை வளர்க்கிறதா, தணிக்கிறதா? இவ்வளவுகோலை அறிந்தே அசுவகோஷர் முரசைக் கையில் எடுத்தார் என்று நாம் கொள்கிறோம்.

நம் தமிழ் மரபிலும் இதற்கு இணை உண்டு. ஆடற்குடியிற் பிறந்த மாதவி தம்மத்தைச் சார்ந்ததையும், இந்திர விழாவில் ஆட வேண்டியவளென்று ஊர் எதிர்பார்த்த அவள் மகள் மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு உணவிட்டதையும் சாத்தனார் பாடினார். அரங்கை விட்டு அறத்துக்கு வந்தவள் மணிமேகலை. அறத்திலிருந்து அரங்குக்குச் சென்றவர் அசுவகோஷர். இருவரும் மனிதத் துன்பம் என்னும் ஓரிடத்திலேயே சந்திக்கின்றனர்.

ஆகவே முதல் தடையை நாம் ஏற்கிறோம். பௌர்ணமியன்று எட்டுச் சீலம் காப்போருக்கு இடையூறு வேண்டா; நாடகம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடக்கட்டும். இரண்டாவது தடைக்கு விடை, நாடகத்தை விலக்குவதன்று. நாடகத்தில் நம் இடத்தை மாற்றுவது. மனிதன் யார் என்று பிறர் எழுதிய அரங்கில் நெடுங்காலம் நாம் சுடலையிலும் வாயிலிலும் நின்றோம். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அண்ணல் இலட்சக் கணக்கானவர்களோடு தீட்சை ஏற்றபோது அந்தப் பழைய வேடத்தைக் களைந்துவிட்டோம். வேடத்தைக் களைந்தவர்கள் மேடையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

நடிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாரிபுத்தரும் விதூஷகனும் பேசும் அந்த ஒரு காட்சியை நம் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். பாத்திரங்கள் யாவரும் ஒரே தமிழைப் பேசட்டும். கவி திறந்த பலகணியை நாம் வாயிலாக்குவோம். மருந்தை யார் கொடுத்தார் என்று கேட்பவனைப் பார்த்து அவை சிரிக்கட்டும். அச்சிரிப்பில் பகைமை வேண்டா. நந்தருக்கும் யசோதரைக்கும் கண்ணீர் விட்ட கவியின் மாணவர்கள் நாம் என்பதை மறவாதீர்கள். முன்வரிசையில் அம்முதியவருக்கு ஓர் இருக்கை போட்டு வையுங்கள். அவர் வந்து அமர்ந்து பார்த்து, எழுந்து போகும்போது என்ன சொல்கிறாரோ அதுவே நமக்கு மதிப்புரை.

எல்லா உயிர்களும் நலமுறுக.